ஆளுக்கொரு மாத்திரை

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நோய் இல்லை, பஸ். வெண்ணந்தூரிலிருந்து மல்லூர் வழியாகச் சேலம் போகும் காலை பஸ். ஜன்னலோரம் கிடைத்தால் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வேன். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போவேன். இடம் கொடுங்கள் என்று யாரிடமாவது கேட்கலாம்தான். கேட்டால், உடம்புக்கு என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதைவிட நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. தீட்டு நின்றுபோகிற வயது, அதனால்தான் கண்டபடி போகிறது என்று ஆறேழு மாதம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடலைக்காய் பிடுங்கும் நாளில் காட்டிலேயே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ராசிபுரத்துக்குப் போனோம். அங்கே இருந்த லேடி டாக்டர் என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு சேலத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சேலத்து ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கேதான் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது, கரண்ட் வைக்கலாம் என்றார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். தினமும் ஐந்து நிமிஷ வேலைக்குப் போக வர அரை நாள்.

முதல் நாளே ஒரு சின்ன அறைக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த பெண் டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். மெட்ராஸ்காரர். பெரிய டாக்டருக்குக் கீழே வேலை பார்த்ததால் எல்லோரும் அவரைச் சின்ன டாக்டர் என்றார்கள். எங்களை உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரர் உட்காராமல் நின்றார். ஆஸ்பத்திரியில் உட்காரச் சொன்னால் ஏதோ கெட்ட சேதி என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"கரண்ட் வைக்கிறது தெரிஞ்ச வைத்தியம். அதை எல்லாருக்கும் குறைவில்லாம வைப்போம்," என்றார் சின்ன டாக்டர். "கூடவே ஒரு மாத்திரை கொடுத்தா கரண்ட் இன்னும் நல்லா வேலை செய்யுமோன்னு ஒரு யோசனை இருக்கு. செய்யுமா, செய்யாதான்னு தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனை. பாதிப் பேருக்குக் கரண்ட் மட்டும். பாதிப் பேருக்குக் கரண்டோட மாத்திரை."

"எனக்கு எதுங்க?" என்றேன்.

"அதை நான் முடிவு பண்றதில்லம்மா. ஒட்டின கவர் வரிசையா இருக்கு. உங்க முறைக்கு எது வருதோ அதுல எழுதியிருக்கிறதுதான்."

"எது நல்லதுங்க?"

"தெரியாதும்மா."

அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வைத்தியம் தெரியாதவர்கள்கூடச் சொன்னதில்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். இவருக்கு எல்லாம் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் தடை என்று எனக்குத் தோன்றியது. விலையைச் சொல்லாமல் மழுப்பும் மாட்டுத் தரகரிடம் பேசுவது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டினார். "பூக் கேக்கற மாதிரிங்களா?"

சின்ன டாக்டருக்கு அது தெரியவில்லை. இவர் விளக்கினார். எங்கள் கோயிலில் ஒரு காரியத்தைத் தொடங்குமுன் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போடுவோம். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். நினைத்த பூ வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கிணறு வெட்டுவதும் பெண் கொடுப்பதும் அதன்படிதான்.

சின்ன டாக்டர் கவனமாகக் கேட்டார், சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா உங்க சாமிக்குப் பதில் தெரியும். இந்தக் கவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அப்போதும் கரண்ட் வைப்போம், நடுவில் விலகினாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்றார். மாத்திரை வந்தால் வாந்தி வரலாம், கை கால் மரத்துப்போகலாம், அப்படி இருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றார். பத்தாவது வரை படித்தவள் என்பதால் நானே காகிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டேன். படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கண் ஓடியது, மனசு ஓடவில்லை.

கவரைப் பிரித்தார்கள். மாத்திரை என்று வந்தது. வெளியே வந்ததும் இவர் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாமி கைவிடல புள்ள," என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கவருக்குப் பதில் தெரியாது என்று சின்ன டாக்டர் சொன்னதை அந்த வராந்தாவிலேயே விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினோம்.

கரண்ட் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் தினமும் ஒரே முகங்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் வாழப்பாடிப் பக்கத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், எடையில் என்னில் பாதிதான் இருப்பாள். ஜவ்வரிசி ஆலையில் களத்து வேலை. மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்து உருட்டி வறுத்த ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் கொட்டி, வெயில் நேரம் முழுக்க வெறுங்காலோடு நடந்து கிளறிவிட வேண்டும். சாப்பிடுகிற பொருள் என்பதால் செருப்புப் போடக்கூடாது. புருஷன் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு மகள் மட்டும்.

முதல் இரண்டு நாள் என்னை "அம்மா" என்றாள், பெஞ்சின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருபவர்களுக்கு வேறு டம்ளர் வைத்திருந்த காலம் அது. வைத்திருந்தவள் நான்தான், வேறு யாரையும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குள்ளே போய் வந்தவர்களுக்கு வெளியே அந்தக் கெத்து நிற்பதில்லை. ஒரே மேஜையில் அதே மாதிரி படுத்து, அதே இடத்தை அதே ஆள்களுக்குக் காட்டிவிட்டு வருகிறோம். மூன்றாம் நாள் எனக்குத் தலை சுற்றியபோது அவள் பாட்டிலில் இருந்து தண்ணீர் குடித்தேன். நாலாம் நாள் அவள் என்னை "அக்கா" என்றாள். என் தூக்குப்போசியில் இருந்த இட்லியை அன்றிலிருந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மாத்திரையைக் கரண்டுக்கு முன்னால், சாப்பிட்டபின் விழுங்க வேண்டும். நாளைக்கு இரண்டு. ஒரு வாரத்துக்கு உண்டானதை மொத்தமாகக் கொடுத்து, விழுங்கிய நாளைக் குறித்துவர ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். நான் விழுங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"எனக்கு அது இல்லன்னுட்டாங்கக்கா," என்றாள் ஒருநாள். "என் கவர்ல வெறும் கரண்டுன்னு வந்துச்சாம். கவராம் கவரு! பெரிய வூட்டு ஆளுங்களுக்குக் குடுப்பாங்க, கூலிக்காரிக்கு எதுக்குன்னு நெனச்சிருப்பாங்க."

"அப்படியெல்லாம் இல்ல," என்றேன். ஆனால் என் குரலே எனக்கு நம்பும்படி இல்லை.

எங்கள் ஊரில் பந்தியில் ஓரவஞ்சனை செய்தால் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஒரு இலைக்கு வடை வைத்துப் பக்கத்து இலைக்கு வைக்காமல் போனால் அந்தக் கல்யாணத்தையே பத்து வருஷம் பேசுவார்கள். அப்படி வளர்ந்த எனக்குப் பக்கத்தில் ஒருத்தி பார்த்திருக்கத் தனியாக விழுங்குவது தொண்டையில் நின்றது. ஒரு வாரம் திரும்பி உட்கார்ந்து விழுங்கிப் பார்த்தேன். அது இன்னும் அசிங்கமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை இட்லி முடிந்ததும் ஒரு மாத்திரையை என் வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றை அவள் கையில் வைத்தேன்.

"வேணாங்கக்கா. உங்களுக்குக் கொறஞ்சிடும்."

"பேசாம முழுங்கு. நர்சம்மா வரப்போகுது."

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் விழுங்கினாள். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவள்மேல் இரக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் கொடுக்கிற இடத்தில் நான் இருக்கிறேன் என்ற திமிரும் அதில் இருந்தது. நோய் வந்த பிறகு என்னால் ஒருவருக்குக் கொடுக்க முடிந்த ஒரே பொருள் அது. அட்டையில் இரண்டு மாத்திரைக்கும் நானே கோடு போட்டுக்கொண்டேன்.

இப்படி நாலு வாரம் ஓடியது. உடம்பு இற்றுப்போனது. எந்த வாசனையும் பிடிக்கவில்லை. சொந்த வீட்டுத் தாளிப்பு வாசம் வாசல்வரை வந்தாலே குமட்டியது. பஸ்ஸில் ஏறவும் இறங்கவும் யாராவது முழங்கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பெஞ்சில் இரண்டு பேரும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். பேசவும் பலம் வேண்டும் இல்லையா?

ஒருநாள் அவள் காலை நீட்டி விரல்களை அசைத்துப் பார்த்தபடி, "பாதத்துல எறும்பு ஓடற மாதிரி கெடக்குதுக்கா," என்றாள். "கொஞ்ச நேரத்துல ஒன்னுமே தெரிய மாட்டேங்குது."

எனக்கும் விரல் நுனிகளில் லேசாக அப்படித்தான் இருந்தது. கை கால் மரத்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று சின்ன டாக்டர் சொன்னது எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்பதும் கூடவே வந்தது. அவளுக்கும் முதலில் இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள். கவரில் வெறும் கரண்ட் என்று வந்ததும் தனக்குச் சம்பந்தமில்லை என்று மறந்திருப்பாள்.

"மருந்து உள்ள வேலை செய்யுது, அதான்," என்றேன். "யாருகிட்டயும் சொல்லாத."

நான் மாத்திரையில் பாதியைக் கொடுத்தேன். எச்சரிக்கையில் பாதியைக் கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் செய்த தப்புகளில் எதை அழிக்கலாம் என்று கேட்டால் நான் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

வாரக் கடைசியில் இரண்டு கூட்டத்தாரையும் சின்ன டாக்டர் ஒரே மாதிரி சோதிப்பார். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் குண்டூசியால் தொட்டு, "சுருக்குன்னு இருக்கா?" என்பார். இமை இடுக்கு வழியாக அவர் கை போகும் திசையைப் பார்த்து "இருக்குங்க" என்போம். வெளியே வந்து, ஏமாற்றிவிட்டோம் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொள்வோம். யாரை ஏமாற்றினோம் என்று அப்போது தெரியவில்லை.

கரண்ட் முடிந்து இரண்டு பேரும் அவரவர் ஊருக்குப் போனோம். மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். எனக்கு விரல் மரமரப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இரத்தப்போக்கு நின்றது. மாடு கறக்க முடியாவிட்டாலும் மாட்டுக்குத் தவிடு கலக்கும் அளவுக்கு எழுந்துவிட்டேன். பொழச்சிட்ட புள்ள என்று இவர் தினமும் ஒருமுறையாவது சொல்வார்.

சித்திரை மாதம் காட்டப் போனபோது அவள் அதே பெஞ்சில் இருந்தாள். இரண்டு பாதங்களிலும் பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது. துணியில் நீர் ஊறியிருந்தது. பக்கத்தில் மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்ன புள்ள இது?"

"களத்துல வேலைக்குப் போனேன்க்கா. வெயிலு. காலு வெந்துபோனது எனக்குத் தெரியவே இல்ல. சாயந்தரம் கூட வேலை செய்யறவ பாத்துட்டுக் கத்தினா." அவள் மெதுவாகத்தான் பேசினாள். "டாக்டரம்மா பாத்தாங்க. மருந்து மாத்திரை எதுவும் இல்லாத உனக்குக் காலு ஏன் மரத்துப்போவணும்னு கேட்டாங்க. சக்கரை இருக்கான்னு பாத்தாங்க, இல்லையாம். நோவு முதுவெலும்புல எறங்கி நரம்பை அமுக்குதாம்க்கா. பெரிய டாக்டரு முதுவுக்கும் கரண்ட் வைக்கச் சொல்லிட்டாரு. நாளைக்கே தொடங்கணுமாம்."

மகளைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். "முதுவுல எறங்கினா அவ்வளவுதானாமே? இவளை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கறவரைக்குமாவது இருப்பனாக்கா?"

கால் மரத்தது எதனால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவளுக்கே தெரியவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று நான் சொன்னதை அவள் அவ்வளவு நம்பியிருந்தாள்.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் வெளியே போய் இவரிடம் சொன்னேன். இவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே வெளிறிப்போனார். "வாயத் தொறக்காத. ஆஸ்பத்திரி மருந்தை வேற ஆளுக்குக் குடுத்தேன்னா கேசு கீசுன்னு போயிரும். உனக்குப் பாக்கறதயும் நிறுத்திருவாங்க. ஒருவேளை நெசமாவே முதுகுல எறங்கியிருந்தா? உனக்கு என்ன தெரியும்?"

அந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எறங்கியிருக்கலாம். எறங்காமலும் இருக்கலாம். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல எடுத்துக்கொண்டுதான் அவள் காலை வேகவைத்திருந்தேன். இப்போது முதுகையும் வேகவைக்கப் பார்க்கிறேன். எழுந்து உள்ளே போனேன். இவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது.

சின்ன டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். எத்தனை நாள், எத்தனை மாத்திரை, அட்டையில் பொய்க் கோடு, ஊசி வைத்தபோது கண்ணைத் திறந்து பார்த்தது, எல்லாம். அவர் பேனாவை மூடி வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் எதிர்த்துக் கத்த வாகாக இருந்திருக்கும். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அன்று காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்திருந்தாரோ. என்னைவிடக் களைத்த ஒரு முகத்தை அந்த ஆஸ்பத்திரியில் அன்றுதான் பார்த்தேன்.

"அந்த மாத்திரை நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அவங்களுக்கும் கொடுத்திருப்பேனேம்மா," என்றார். "கெடுதல்னு தெரிஞ்சிருந்தா உங்களுக்கும் கொடுத்திருக்க மாட்டேன். தெரியாதுன்னு சொன்னேனே. நீங்க நம்பலையா?"

"நம்பலீங்க."

"ஏம்மா?"

"டாக்டருக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சிட்டனுங்க."

அவர் எழுந்து பெரிய டாக்டர் அறைக்குப் போனார். முதுகுக்குக் கரண்ட் வைப்பது அன்றே நிறுத்தப்பட்டது. அவளை வார்டில் படுக்கவைத்து, மறுபடி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். முதுகில் ஒன்றும் இல்லை. மாத்திரைதான் காலைக் கெடுத்திருந்தது. எனக்குத் தாங்கிய அளவு அவள் உடம்புக்குத் தாங்கவில்லை.

என்னை விரட்டிவிடுவார்கள் என்று இருந்தேன். விரட்டவில்லை. இரண்டு பேரும் சோதனைக் கணக்கில் இருப்பீர்கள், அவரவர் கவரில் என்ன வந்ததோ அந்தப் பக்கத்திலேயே இருப்பீர்கள், நடந்ததையும் உள்ளபடி எழுதிவைப்பேன் என்றார் சின்ன டாக்டர்.

"தப்புப் பண்ணினவளை எதுக்குங்க கணக்குல வெக்கறீங்க?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு வேண்டியவங்களை வெச்சு, வேண்டாதவங்களைத் தள்ளினா நமக்குப் பிடிச்ச பதில்தாம்மா வரும். உண்மையான பதில் வராது. உங்களுக்கு அப்புறம் இந்த பெஞ்சுல வந்து உக்காரப்போற பொம்பளைக்கு அது போய்ச் சேரணும்."

அந்தப் பொம்பளையைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவள் வரைக்கும்தான் என் பந்தி நீண்டது.

வார்டுக்குப் போய் அவளிடம் நானே சொன்னேன். திட்டுவாள் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப முதுவுல ஒன்னுமில்லையாக்கா? நெசமாவா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். கால் அவளுக்கு அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை. அவள் திட்டியிருந்தால் நான் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

பிறகு வருஷங்கள் போயின. மாதம் ஒருமுறை என்பது ஆறு மாதம் ஒருமுறையாகி, வருஷம் ஒருமுறையாகியது. பெஞ்சில் இருந்த முகங்களில் சில வராமல் போயின, ஏன் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. நாங்கள் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். அவள் கால் புண் ஆறிற்று, ஆனால் பாதத்துக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்றார்கள். செருப்போடு களத்தில் இறங்கக்கூடாது என்றது ஆலை. வேலை போயிற்று. அவள் வீட்டு வாசலில் கொஞ்சம் காய்கறி வைத்து விற்றாள். மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஐந்தாவது வருஷமோ என்னவோ, அவளுக்கு ஆஸ்பத்திரி வர பஸ் காசுக்கு வழியில்லை, ஆஸ்பத்திரிக்காரர்களே காகிதம் போட்டு விசாரித்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எண்பதுகள் முடியும் சமயம், காட்டப் போன என்னைச் சின்ன டாக்டர் உட்காரவைத்தார். காதோரம் நரைத்திருந்தது, இன்னமும் சின்ன டாக்டர்தான். "பதில் வந்துடுச்சும்மா," என்றார். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. மாத்திரை சாப்பிட்டவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. கை கால் மரத்ததுதான் மிச்சம். இனி யாருக்கும் அதைக் கொடுக்கப்போவதில்லை.

"அப்ப எல்லாம் வீணுங்களா?"

"வீணில்லம்மா. இனிமே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லன்னு இப்பத் தெரியும். அன்னிக்குத் தெரியாது."

நான் ஊருக்குத் திரும்பாமல் வாழப்பாடி பஸ்ஸில் ஏறினேன். அவளுக்குச் சொல்ல வேண்டும், அதைக் காகிதத்தில் எழுதி முடித்துக்கொள்ளக்கூடாது என்று பட்டது. நடுப்பகல். அவள் வீட்டு வாசலில் ஒரு சாக்கில் கத்தரிக்காயும் வெங்காயமும் பரப்பியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "சொல்லிட்டே இருப்பனே, அந்த அக்கா இவங்கதான். தன் மாத்திரையில பாதியக் குடுத்து என்னைப் பொழைக்க வெச்சவங்க," என்றாள்.

வருஷக்கணக்கில் ஊருக்கெல்லாம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் போகும்வரை காத்திருந்து, உள்ளே உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். மாத்திரையால் ஒரு பிரயோசனமும் இல்லை, உன் பாதம் போனதுதான் கண்ட பலன், தெரியாத மருந்தைத் தெரிந்ததுபோல உன் கையில் வைத்தது என் தப்பு என்று சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் காய்ந்த வெங்காயத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது இல்லாமயே நான் பொழச்சிருப்பனாக்கா?"

பிழைத்திருப்பாய் என்று சொல்ல வாய் வந்தது. வித்தியாசம் இல்லை என்பது மொத்தக் கூட்டத்துக்கு. இவள் ஒருத்திக்கு என்ன ஆகியிருக்கும் என்று யார் பிரித்துப் பார்ப்பது?

"தெரியாது புள்ள," என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து நான் ஒருவரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"உங்களுக்குத் தெரியும்க்கா," என்று சிரித்தாள். "நான் நன்றி சொல்லக்கூடாதுன்னு மறைக்கிறீங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. ஒரு பையில் கத்தரிக்காயை நிரப்பி, வேண்டாம் என்றதையும் மதிக்காமல் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட என்னோடு கிளம்பிவிட்டாள். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. என் ரப்பர் செருப்பையும் மீறிச் சூடு ஏறியது. பத்தடி நடந்த பிறகுதான் அவள் காலைப் பார்த்தேன். அவசரத்தில் செருப்பை மறந்து வந்திருந்தாள்.

"அய்யோ, நில்லு புள்ள. ரோடு சுடலையா?"

"இல்லக்கா," என்றாள். பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.